தட்டில் நனைந்த ஊதா ராஜா

பெரிய கடைகளில் வெளியே வரும்போது பையைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள் இல்லையா, உங்களில் பலபேருக்கு அது எரிச்சலாக இருக்கும். எனக்கு அப்படி இல்லை. அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே நான் திறந்துவிடுவேன். பர்ஸையும் திறப்பேன். முந்தானையை ஒரு உதறு உதறிக் காட்டுவேன். "எதுக்கு அத்தை இப்படிப் பயந்து சாவுறீங்க, அதான் பில்லு கீதே?" என்று மருமகள் கேட்பாள். பில்லு இருந்தால் மட்டும் நம்பிவிடுவார்களா? ஒருத்தர் மேல் சந்தேகம் வந்துவிட்டால் பில்லையே சந்தேகப்படுவார்கள். நம்ம வயசுக்காரர்களுக்கு இது தெரியும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன், சின்னப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

அப்போது ராயபுரத்தில் இருந்தோம். நைனாவுக்கு, அதான் எங்கள் அப்பாவுக்கு, ஹார்பரில் மூட்டை இறக்குகிற வேலை. சர்ச்சுக்குப் பின்னால் ஒரு நீளமான அறை, பழைய பெஞ்சுகளும் ஓட்டை மேளமும் போட்டு வைக்கிற இடம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கேதான் எங்கள் ஸ்டாம்பு சங்கம் கூடும். சங்கம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொஞ்சம் பேர், ஒரு தகரப் பெட்டி, எல்லாருக்கும் மேலே ஒரு செயலாளர் அண்ணன். அவர் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். மொத்த மளிகைக்கடை அண்ணாச்சியின் மகன். அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்தவர்கள். கடையிலிருந்து பழைய எடைக்கற்களைக் கொண்டுவந்து சங்கத்துக்குக் கொடுத்ததே அண்ணாச்சிதான். நனைத்து எடுத்த ஸ்டாம்பு சுருண்டு போகாமல் இருக்க அதைத்தான் மேலே வைப்போம்.

மற்ற ஊர்ப் பிள்ளைகள் ஸ்டாம்பு சேர்க்கக் காசு கொடுத்துப் பாக்கெட் வாங்குவார்களாம். எங்களுக்கு அது தேவையே இல்லை. வாசலிலேயே கப்பல் நிற்கிறதே. யார் வீட்டு அப்பாவாவது, மாமாவாவது கப்பலில் ஏறி இறங்குகிறவராக இருப்பார். மாலுமிகள் கிழித்துப் போட்ட உறைகள், கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் குப்பைக்கூடை, எல்லாம் எங்களிடம்தான் வரும். ஹெல்வெசியா, மக்யார், சுவோமி என்று ஸ்டாம்பில் போட்டிருக்கும். அதெல்லாம் எந்த நாடு என்று யாருக்கும் தெரியாது. மக்யார் என்பது ஒரு ராஜாவின் பேர் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அந்த உறைகளில் ஒரு வாசனை வரும். டீசலும் சிகரெட்டும் ஏதோ ஒரு சோப்பும் கலந்த வாசனை. நைனா சட்டையிலும் அதே வாசனைதான், கூட வியர்வை.

ஆனால் ஒன்று, சங்கத்தில் யாரும் யாரையும் நம்பமாட்டோம். கையைப் பெஞ்சுமேல் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. மாத்துகிற வேலை ஒன்று இருந்தது. உன் நல்ல ஸ்டாம்பு தட்டில் நனைந்துகொண்டிருக்கும். பக்கத்தில் இருக்கிறவன் வெயிலில் வெளுத்துப்போன அதே மாதிரி ஒன்றை வைத்துவிட்டு உன்னுடையதை அமுக்கிக்கொள்வான். நீ ஆல்பத்தில் ஒட்டும்போதுதான் பார்ப்பாய். அப்படி ரெண்டு மூன்று தடவை நடந்து, அடிதடி ஆகி, அதற்கப்புறம் நனைக்கிற வேலையை ஒரே ஆள்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அந்த ஆள் நான். விரல் மெல்லிசு, ஓரம் கிழியாமல் எடுப்பேன் என்பதால் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "தண்ணி மந்திரி" என்று பையன்கள் கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டுமே.

கை பம்பு தண்ணீரில் உப்பு அதிகம். ஸ்டாம்பு காய்ந்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் லாரித் தண்ணீர் ஒரு சொம்பு எங்கள் வீட்டிலிருந்து நான்தான் கொண்டுபோவேன். குடிக்கிற தண்ணியைக் கொண்டுபோய்க் காகிதத்துக்கு ஊத்தறியே என்று அம்மா திட்டிக்கொண்டே கொடுப்பாள். எனாமல் தட்டில் ஊற்றி, உறையின் மூலையை ஸ்டாம்போடு வெட்டிப் போட்டால் கொஞ்ச நேரத்தில் பசை விட்டு ஸ்டாம்பு தானாகக் கழன்று மிதக்கும். அதை எடுத்து நியூஸ் பேப்பரில் முகம் கீழே, முதுகு மேலே இருக்கிற மாதிரி வைப்பேன். மேலே இன்னொரு பேப்பர், அதற்கு மேலே எடைக்கல். அடுத்த ஞாயிறுதான் திறப்போம். மிச்சத் தண்ணீரைக் கீழே கொட்டமாட்டோம், நம்ம ஊரில் தண்ணீரை யார் கொட்டுவார்கள்? படிக்கட்டைக் கழுவிவிடுவோம்.

அந்த வருஷம் பள்ளிக்கூட ஹாலில் கண்காட்சி வைப்பது என்று முடிவானது. செயலாளர் அண்ணன் ஒரு உறையைக் கொண்டுவந்தார். அவருடைய தாத்தா வியாபாரத்துக்காக மலேயாவில் இருக்கிற பினாங்குக்குப் போயிருந்தபோது ஊருக்குப் போட்ட கடுதாசியின் உறை. அதில் ஊதாக் கலரில் ஒரு ராஜா. தாடியும் கிரீடமுமாகப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருப்பார். தபால் முத்திரை அந்த ஸ்டாம்பில் படாமல் தள்ளி விழுந்திருந்தது. புத்தம் புதுசு மாதிரி இருந்தது. ஒரு வீடு வாங்கலாம் என்றான் ஒருத்தன். ரெண்டு வீடு என்றான் இன்னொருத்தன்.

"கிழிஞ்சுது, தோலை உரிச்சுடுவேன்," என்றார் செயலாளர் அண்ணன் என்னிடம்.

"இத்தினி நாள்ல ஒண்ணு கிழிஞ்சுகீதா? நீ பேசாம இருண்ணா," என்றேன். அவ்வளவு திமிர் எனக்கு அப்போது. மூலையை வெட்டித் தட்டில் போட்டேன்.

என் பக்கத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண் உட்கார்ந்திருந்தாள். என் வகுப்புதான், என் கூட்டாளி. அவள்தான் முதலில் சொன்னாள்.

"ஏய், தண்ணி ஊதாவா கீதுடி."

செயலாளர் அண்ணன் எட்டிப் பார்த்தார். "அது உறைக்குள்ள ஒட்டியிருக்கிற கலர் பேப்பரோட சாயம். எப்பவும் வர்றதுதானே," என்றார். வாஸ்தவம்தான். அந்தக் காலத்து வெளிநாட்டு உறைகளுக்கு உள்ளே ஊதாவும் நீலமுமாக மெல்லிசுத் தாள் ஒட்டியிருக்கும், அது சாயம் விடத்தான் விடும். நாங்கள் எத்தனையோ ஸ்டாம்பு நனைத்திருக்கிறோம், சாயம் விட்டதெல்லாம் உறைதான். ஸ்டாம்பு விட்டதே இல்லை. முதுகைப் பார்த்து எடுத்தேன், முகத்தைக் கீழே வைத்தேன், கல்லை வைத்தேன், படியைக் கழுவினேன். சர்ச்சைப் பெருக்கி மணி அடிக்கிற கோயில்பிள்ளை அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு கல்லை எடுத்தபோது எல்லாரும் சுற்றி நின்றார்கள். செயலாளர் அண்ணன் ஸ்டாம்பைத் திருப்பினார். ராஜா இருந்தார், ஆனால் இல்லை. பலகையில் சாக்பீஸால் எழுதி ஈரத்துணியால் துடைத்தபின் ஒரு நிழல் நிற்கும் பாருங்கள், அப்படி. தாடி எது கழுத்து எது என்று தெரியவில்லை.

பிறகு எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள்.

"மாத்திட்டா," என்றான் ஒருத்தன். "வெளுத்த ராஜாவ வெச்சிட்டு அத்த அமுக்கிட்டா மாமு."

"நான் இன்னாத்துக்குடா..." என்று ஆரம்பித்தேன். முடிக்காமல் ரெண்டு கையையும் விரித்துக் காட்டினேன். பயந்தால் எனக்கு இன்றைக்கும் அப்படித்தான். திருடியவளும் இப்படித்தான் காட்டுவாள் என்று எனக்கே தோன்றியது.

ரயில்வே பெண் மட்டும், "தண்ணி ஊதாவா இருந்துச்சுண்ணா," என்றாள். செயலாளர் அண்ணன் அவளை ஒரு பார்வை பார்த்தார். "நீயும் கூட்டா?" என்றார். அதற்கப்புறம் அவள் வாயே திறக்கவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கும் பள்ளிக்கூடம் வர வேண்டுமே.

சாயந்திரம் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே கடைப்பையன்கள். தெருவே வாசலில் நின்றது. அவர் சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

"எங்க அப்பா ஞாபகமா இருந்தது அது ஒண்ணுதான். சின்னப் புள்ள, ஆசையில எடுத்திருக்கும். குடுத்துட்டா நான் பாட்டுக்குப் போயிருதேன். இல்ல, எடுக்கலன்னா சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லும், நம்பிட்டுப் போறேன்," என்றார்.

அம்மா சூடம் எடுக்க உள்ளே ஓடினாள். நானும் கையை நீட்டத் தயாராக இருந்தேன். சத்தியமாக எடுக்கவில்லையே, சுட்டால் சுடட்டும். ஆனால் நைனா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"எம் பொண்ணு இன்னாத்துக்குச் சத்தியம் பண்ணணும்?"

"எடுக்கலன்னா பண்ண வேண்டியதுதானே வேய்?"

"எடுக்கலன்னா எதுக்குப் பண்ணணும்னு கேக்கறேன். தெனம் ஹார்பர் கேட்டுல கைய மேல தூக்கச் சொல்லித் தடவறானுங்க. மடியக் காட்டு, டிபன் டப்பாவத் தொறன்றானுங்க. காட்றேன். அது அவன் கேட்டு. இது என் வூடு. இங்க எவனும் எவளையும் தடவ முடியாது. போ அண்ணாச்சி."

இப்போது நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு நைனா மேல்தான் கோபம். ஒரு சத்தியம் பண்ணியிருந்தால் முடிந்திருக்கும். பண்ணாததால் என்ன ஆனது? ஹார்பர் ஆளு, மூட்டையில கை வைக்கற ஆளு, அதான் சத்தியத்துக்குப் பயப்படறான் என்று தெரு முடிவு பண்ணிவிட்டது. பர்மா பஜாரில் வெளிநாட்டுச் சாமான் கூவிக் கூவி விற்ற காலம் அது. எந்த வீட்டில் புது டிரான்சிஸ்டர் பாடினாலும் எங்கிருந்து வந்தது என்று காதைத் தீட்டுவார்கள். நைனா ஒரு குண்டூசி கொண்டுவந்ததில்லை. யார் நம்பினார்கள்?

அம்மாவே நம்பவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தபோது அரிசி டின்னைக் கவிழ்த்து முறத்தில் கொட்டிக் கையால் துழாவிக்கொண்டிருந்தாள். தலையணை உறையெல்லாம் திருப்பிப் போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அரிசில வண்டு கீது," என்றாள். சாகிற வரைக்கும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் சர்ச்சு காம்பவுண்டிலேயேதான். கேட்டுக்குள் நுழைந்தால் "ஸ்டாம்பு திருடி, பையத் தொற" என்பார்கள். பென்சில் காணோம் என்றால் என் பையைக் கொட்டுவார்கள். ஒரு டீச்சரே என்னை முதல் பெஞ்சிலிருந்து தனியாகத் தள்ளி உட்காரவைத்தாள். எதற்கென்று சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. காலையில் வயிற்றுவலி வந்தது, அப்புறம் தினமும் வந்தது. ஒன்பதாவது முடிக்கவில்லை. நின்றுவிட்டேன். ஸ்டாம்பு எடுத்த விரல் இறால் உரிக்கப் போனது, மீன்பிடி துறைமுகத்துக்குப் பக்கத்து ஷெட்டில், ஐஸ் தண்ணீரில். நைனா ரெண்டு நாள் சாப்பிடவில்லை. என்னைப் படிக்கவைத்து ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்காரவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்த மனிதர் அவர்.

இறால் உரிக்கும்போது கை வேலை செய்யும், புத்தி சும்மா இருக்காது. எடுத்தது யார்? அதையே போட்டு அரைத்துக்கொண்டிருப்பேன். சாவி வைத்திருந்த கோயில்பிள்ளையா? அவருக்கு ஸ்டாம்பு எதற்கு? ரயில்வே பெண்ணா? அந்த மாசம் அவள் புதுச் செருப்பு போட்டிருந்தாளே. இல்லை, செயலாளர் அண்ணனே மாற்றிவைத்துவிட்டு, அசலை பஜாரில் தள்ளிவிட்டு என் தலையில் போட்டாரா? ரொம்ப வருஷம் அவர்தான் என்று வைத்திருந்தேன். கல்யாணம் ஆகித் திருவொற்றியூர் வந்தபின்னும், பிள்ளை பெற்றபின்னும், கேஸை அணைத்தோமா என்று ராத்திரி எழுந்து பார்க்கிற மாதிரி, அந்தக் கேள்வியையும் ஒரு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

போன வருஷம் சேமிப்புக் கணக்கு வேலையாகப் பாரிமுனைப் பக்கம் பெரிய தபால் ஆபீஸுக்குப் போயிருந்தேன். கால் வலிக்கிறதே என்று ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ரிட்டயரானவர்கள் கொஞ்சம் பேர் ஸ்டாம்பு ஆல்பத்தை விரித்துவைத்து மாற்றிக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். வீண் வம்பு, நாளைக்கு ஒன்று காணவில்லை என்றால்? அப்போது ஒரு கண்ணாடிக்காரர் இன்னொருத்தரைப் பார்த்துக் கத்தினார்:

"யோவ், இந்தப் பழைய மலேயா ஊதாவையெல்லாம் தண்ணியில போட்டுத் தொலைக்காதய்யா! சாயம் மொத்தமும் போயிடும். வேணும்னே அப்படி அச்சடிச்சான் வெள்ளைக்காரன். முத்திரையை அழிச்சிட்டு ஸ்டாம்பைத் திரும்ப ஒட்டக்கூடாதில்ல, அதுக்கு."

நான் அவரைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னார். இன்னொரு தடவை கேட்டேன். "ஏம்மா, உங்ககிட்ட ஏதாச்சும் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். கையை விரித்தும் காட்டினேன்.

யாருமே எடுக்கவில்லை. தண்ணீர்தான். நான் கொண்டுபோன லாரித் தண்ணீர், நானே படியில் கொட்டிக் கழுவின தண்ணீர்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. செயலாளர் அண்ணன் தண்டையார்பேட்டையில் மொத்த வியாபாரக் கிடங்கு வைத்திருப்பது தெரியும். போகலாமா, போனால் அடித்துத் துரத்துவாரோ, போலீஸைக் கூப்பிடுவாரோ என்று பல நாள் யோசித்துவிட்டு ஒருநாள் பஸ் ஏறினேன். மிளகாய் நெடி அடிக்கிற நீளமான கிடங்கு. கல்லாவில் அவர் மகன். உள்ளே ஒரு மேசையில் அவர், தலை முழுக்க நரைத்து, அண்ணாச்சி மாதிரியே. யார் என்று சொன்னேன். நைனா பேரைச் சொன்னேன். முகம் ஒரு மாதிரி ஆனது. உட்காரச் சொல்லவில்லை.

"ஸ்டாம்பெல்லாம் இன்னும் வெச்சிருக்கியாண்ணா?" என்று மட்டும் கேட்டேன்.

ஸ்டாம்பு சேர்க்கிறவர்களிடம் அதைக் கேட்டால் போதும், பழி பாவமெல்லாம் பின்னால் போய்விடும். கொஞ்சம் தயங்கினார். அப்புறம் பீரோவைத் திறந்தார். கண்ணாடித்தாளுக்குள் ஒரு உறை. அதே எழுத்து, அதே பினாங்கு, அதே ஊதா ராஜா.

"தாத்தாவோட இன்னொரு கடுதாசி. அப்பாவுக்கே தெரியாம ஊரு வூட்டுப் பழைய பெட்டியில கெடந்துச்சு, அவரு போனப்புறம்தான் பாத்தேன்," என்றார்.

எவ்வளவு அழகு! நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மனசில் நிறையப் பேச்சு தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன், தபால் ஆபீஸ், கண்ணாடிக்காரர், வெள்ளைக்காரன் அச்சடித்தது எல்லாம். அதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டேன்.

"மூலைய வெட்டிக் குடுண்ணா," என்றேன். "தண்ணியில போட்டு எடுத்துத் தரேன். என் கை இன்னும் கிழிக்காது."

"அய்யய்யோ!" உறையை இழுத்து மார்போடு வைத்துக்கொண்டார். "தண்ணியிலயா? கலரு பூரா போயிரும்லா!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது.

வெளியே ஒரு கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போனதும் கேட்டேன்.

"எப்பலேர்ந்துண்ணா தெரியும்?"

அவர் மேசையைப் பார்த்தார். "காலேஜு முடிக்கறதுக்குள்ள. ஒரு எக்ஸிபிஷன்ல ஒருத்தர் சொன்னாரு." உறையின் ஓரத்தைத் தடவினார். "அப்பா உங்க வூட்டு வாசல் வரைக்கும் வந்துட்டாரு. தெருவே பாத்துச்சு. அப்புறம் போயி... நீயும் பள்ளிக்கூடத்த விட்டு நின்னுட்டே. இனிமே சொல்லி என்னன்னு..."

அவர்தான் எடுத்து விற்றிருப்பார் என்று நான் நினைத்திருந்தேனே, அதுகூடப் பரவாயில்லை போலிருந்தது. விற்றிருந்தால் காசாவது கிடைத்திருக்கும். இவர் ஒன்றுமே கிடைக்காமல் சும்மா இருந்திருக்கிறார்.

நைனா போய் ரொம்ப நாள் ஆகிறது. அம்மாவும் போய்விட்டாள். யாரிடம் போய்ச் சொல்வது என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் கேட்டுக் கல்லாவிலிருந்து மகன் எழுந்து வந்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான். என் பையையும் பார்த்தான். "யாருப்பா இவங்க? இன்னா வேணுமாம்?"

அண்ணன் உறையை மேசைமேல் வைத்தார்.

"சங்கத்துல எங்ககூட இருந்தவங்க," என்றார். பிறகு, மகன் முகத்தைப் பார்க்காமல், "இவங்க எடுக்கல," என்றார்.

"என்னத்த எடுக்கல?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்வேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடந்தது. அதை நானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நீயே சொல்லுண்ணா," என்றேன். "மொதல்லேர்ந்து சொல்லு. நானும் கேக்கறேன்."